வன்னியின் சமூகத் தொழில் முயற்சிகள் நிலைத்து இயங்குவதற்கான கோரிக்கை மனு

பெறுநர்:
கௌரவ ஆளுநர், வடக்கு மாகாணம்

பிரதிகள்:
பிரதம செயலாளர், வடக்கு மாகாணம்
மாவட்டச் செயலாளர்கள் – கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா
கூட்டுறவு அபிவிருத்தி ஆணையாளர், வடக்கு மாகாணம்

கௌரவ ஆளுநர் அவர்களுக்கு,

2009இல் போர் முடிந்து மக்கள் மீளக்குடியேறிய காலந்தொட்டு, பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கும் போரில் உறுப்பிழந்தோருக்கும் வேலை கொடுக்கும் நோக்கில் வன்னியில் பல கூட்டு முயற்சிகள் தொடங்கப்பட்டன. உழுந்து மா, குரக்கன் மா, மிளகாய்த்தூள், ஒடியல், வறுத்த கச்சான், தையல் என அவை பலவகை. இலாபத்தை உறுப்பினர்களுக்கும் ஊர்த்தேவைக்கும் பகிர்வதே இவற்றின் பொது விதி. அவ்வாறான சங்கங்களும் குழுக்களும் சேர்ந்த ஒன்றியத்தின் சார்பில் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம்.

இம்முயற்சிகளைத் தொடங்கி வைக்க ஆட்களுக்குக் குறைவில்லை. இயந்திரம் வருகிறது, கட்டடம் திறக்கப்படுகிறது, பயிற்சியும் நடக்கிறது. ஆனால் உதவித் திட்டத்தின் காலம் முடிந்ததும் மூலப்பொருள் வாங்கக் காசில்லை. செய்த பொருளை வாங்க ஆளில்லை. உதாரணமாக, வவுனியாவில் உழுந்து அறுவடையாகும் தை, மாசியில் விலை இறங்கியிருக்கும். அப்போது குழுவின் கையில் காசு இராது. வெளி வியாபாரிகளின் லொறிகளே வயலுக்கு வரும். சில மாதம் கழித்து அதே உழுந்தைப் பட்டினத்துக் கடையில் கூடிய விலைக்கு வாங்கி அரைக்க வேண்டியிருக்கிறது. அரைத்துப் பொதிசெய்து கடைக்குக் கொடுத்தால், விற்ற பிறகே காசு. இந்த இரண்டு இடுக்குக்குள்தான் ஆலைகள் மூடப்படுகின்றன.

வடக்குக்கு இத்தகைய முயற்சி புதிதன்று. மூளாய்க் கூட்டுறவு வைத்தியசாலை 1930களில் ஊரவர் முயற்சியால் எழுந்தது. 1970களில் கள்ளுத் தவறணைகளை நடத்தும் உரிமை கூட்டுறவுச் சங்கங்களுக்கு வழங்கப்பட்டபோது, சீவல் தொழிலாளர் தம் தொழிலுக்குத் தாமே உரிமையாளராயினர். அரசு அவர்களுக்குச் சந்தையை உறுதிசெய்தது. மற்றதை அவர்கள் செய்துகொண்டனர். நாம் கேட்பதும் அத்தகைய ஏற்பாட்டையே.

எமது கோரிக்கைகள்:

1. அங்கீகாரம். இன்று ஒரு குழு வியாபாரப் பெயராகவோ, 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்க் கூட்டுறவுச் சங்கமாகவோ, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகவோ பதியலாம். சமூகத் தொழில் முயற்சிக்கெனத் தனி வடிவம் இல்லை. பிரித்தானியா 2005இல் சமூகநலக் கம்பனி என்ற வடிவத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதில் சொத்தைத் தனியார் பிரித்தெடுக்க முடியாது. மாகாண சபை 2018 ஒக்டோபருக்குப் பின் கூடாத நிலையில், அத்தகைய வடிவத்துக்கான புதிய நியதிச் சட்டத்துக்குக் காத்திருக்க எம்மால் இயலாது. எப்பதிவில் இருந்தாலும், சொத்தைத் தனியார் பிரித்தெடுக்க முடியாது என்ற விதிக்கு உடன்படும் அமைப்புகளை மாவட்டச் செயலகங்கள் ஒரே பட்டியலில் சேர்க்கும்படி சுற்றுநிருபம் ஒன்றை வெளியிட வேண்டும்.

2. கொள்வனவு. மாகாண வைத்தியசாலைகள், பாடசாலை மதிய உணவு, விடுதிகள், அரச நிகழ்வுகள் ஆகியவற்றுக்கான மா, தூள், சிற்றுண்டி, சீருடைத் தையல் என்பவற்றில் ஒரு பங்கை இப்பட்டியலில் உள்ளோருக்கு ஒதுக்க வேண்டும். பற்றுச்சீட்டுக் கொடுத்து 30 நாளுக்குள் பணம் கிடைக்க வேண்டும்.

3. பருவகால மூலதனம். 2018இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசே நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. அத்தகைய வாரத் தவணைக் கடன் எமது தொழிலுக்கு ஒவ்வாது. சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள் ஊடாக, அறுவடையில் பெற்று விற்பனைக்குப் பின் திருப்பும் சுழற்சி நிதி ஒன்றை ஏற்படுத்த வேண்டும்.

4. தரப் பரிசோதனை. ஒரு மாப் பொதியைப் பெரிய கடையில் வைக்க ஆய்வுகூட அறிக்கை கேட்கிறார்கள். அதற்காகப் பெரும்பாலும் கொழும்புக்கே மாதிரி அனுப்புகிறோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. அதனுடன் உடன்படிக்கை செய்து, குறைந்த கட்டணத்தில் பரிசோதனையும் பொதியிடல் ஆலோசனையும் கிடைக்கச் செய்ய வேண்டும். கணக்கியல், சந்தைப்படுத்தல் வழிகாட்டலுக்கு 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகத்தை நாடலாம்.

5. இடம். பூட்டிக் கிடக்கும் திட்டக் கட்டடங்களை இயங்கும் குழுக்களுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு வழங்க வேண்டும். பரந்தனிலும் மாங்குளத்திலும் அமைக்கத் திட்டமிடப்பட்டுள்ள கைத்தொழில் வலயங்களில், சிறு உற்பத்தியாளருக்கென உலர்த்தல், அரைத்தல், பொதியிடல் வசதியுள்ள பொதுக்கூடம் ஒன்றுக்கு இடம் ஒதுக்க வேண்டும்.

எமது தரப்பில் நாமும் பொறுப்பேற்கிறோம். பட்டியலில் சேரும் ஒவ்வோர் அமைப்பும் ஆண்டுதோறும் கணக்காய்வு செய்த அறிக்கையையும் இலாபப் பகிர்வையும் கிராம அலுவலர் அலுவலக அறிவித்தற் பலகையில் இடும். இரண்டு ஆண்டு தொடர்ந்து கணக்குக் காட்டாத அமைப்பு பட்டியலிலிருந்து நீக்கப்படுவதை நாம் எதிர்க்கமாட்டோம். தரத்தில் குறைந்த பொருளை ஏற்கும்படியும் கேட்கமாட்டோம்.

இலவச இயந்திரம் இனி எமக்கு முதற்தேவையன்று. இருக்கும் இயந்திரம் ஆண்டு முழுவதும் ஓட வழி செய்யுங்கள். மூன்று மாவட்டச் செயலாளர்களும் உரிய திணைக்களத் தலைவர்களும் எமது பிரதிநிதிகளும் பங்குகொள்ளும் கூட்டம் ஒன்றை அடுத்த கால போக அறுவடைக்கு முன் கூட்டி, ஒவ்வொரு கோரிக்கைக்கும் எழுத்தில் பதில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர், பொருளாளர்
சமூகத் தொழில் முயற்சிகளின் ஒன்றியம்
கிளிநொச்சி