கொம்பு எண்ணி ரவுட்டர் வாங்குபவர்கள்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் நாலு கம்ப்யூட்டர் உள்ள ஆபீஸ் எதில் நுழைந்தாலும் ஒரே புலம்பல்தான். "நெட் ஸ்லோ சார்!" வாசலில் பேண்டேஜ் துணி ஏற்றிய வண்டி நிற்கும். உள்ளே ஈ-வே பில் சுற்றிக்கொண்டே இருக்கும். டிரைவர் மூன்றாவது டீயில் இருப்பார்.

உடனே பிளானை 100-லிருந்து 300 எம்பிபிஎஸ்ஸுக்கு ஏற்றுவார்கள். அப்புறமும் ஸ்லோ. ஆறு கொம்பு வைத்த ரவுட்டர் வரும். அப்புறமும்...

அந்தப் பெட்டியில் பெரிதாக 'ஏசி1200' என்று போட்டிருக்கிறதே, அது என்ன கணக்கு? 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867. இரண்டையும் கூட்டி, மேலே கொஞ்சம் கொசுறும் போட்ட எண்! ஒரு லேப்டாப் ஒரு நேரத்தில் பொதுவாக ஒன்றில்தான் ஓடும். அதிலும் விலை குறைந்த பல மாடல்களில் வயர் போர்ட் வெறும் 100 எம்பிபிஎஸ். 300-க்குப் பணம் கட்டினாலும் அதில் 95-ஐத் தாண்டாது. திருவண்ணாமலை மலைக்கோயிலுக்குப் புரட்டாசி சனிக்கிழமை போனவர்களுக்கு இது புரியும். ரோட்டை எவ்வளவு அகலமாகப் போட்டாலும் படியில் வரிசை நகர்கிற வேகம்தான் வேகம். (கடைக்காரரைக் கேட்டால் "ரேஞ்ச் நல்லா வரும்" என்பார். கேட்டது ரேஞ்சா, வேகமா?)

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. "நெட் ஸ்லோ" என்கிற பாதிப் புகார் நெட்டைப் பற்றியதே இல்லை! டேலி டேட்டா முதலாளி மேஜைக் கம்ப்யூட்டரில் இருக்கும், மற்ற மூவரும் அதை ஷேர் ஃபோல்டர் வழியாகத் திறப்பார்கள். அந்த ஃபைல் பக்கத்து அறையிலிருந்துதான் வருகிறது. ஒன்றரை அடிச் சுவரைத் தாண்டி வைஃபையில் வந்தால் திணறாமல் என்ன செய்யும்? அதற்கு ஃபைபர் பிளானை ஏற்றுவது, காலில் முள் குத்தினால் கண்ணாடியை மாற்றுவது மாதிரி.

ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு ஐந்து போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் கிடைக்கிறது. கூடவே அசல் செம்புக் கம்பி கேட்-6 வயர். அலுமினியத்தில் செம்புப் பூச்சு பூசியதைத் தலையில் கட்டுவார்கள், உஷார்! கிகாபிட்டுக்கு நாலு ஜோடிக் கம்பியும் வேண்டும். இரண்டு ஜோடி மட்டும் கிரிம்ப் பண்ணிய பழைய வயரானால் புது ஸ்விட்சும் 100-க்கு இறங்கிவிடும்.

சோதிக்கக் காசே வேண்டாம். விண்டோஸில் ஈதர்நெட் ஸ்டேட்டஸைத் திறந்து 'ஸ்பீட்' வரியைப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் என்றிருந்தால் கம்பெனிக்காரனைத் திட்ட வேண்டாம், மேஜைக்கு அடியில் குனியுங்கள்.