காவல் கல்வியா, காகிதக் கல்வியா?

பொறியியல் கலந்தாய்வு நெருங்கும் நாள்களில் நம் ஊர்ப் பெற்றோரிடையே புதிய சொல் ஒன்று புழங்கத் தொடங்கியிருக்கிறது: 'சைபர் செக்யூரிட்டி'. நெடுஞ்சாலை ஓரத்து விளம்பரப் பலகைகளிலும், பேருந்துகளின் முதுகிலும், செய்தித்தாள்களின் முதற்பக்கத்திலும் இச்சொல் பளிச்சிடுகிறது. கணிப்பொறிகளையும் அவற்றை இணைக்கும் வலைப்பின்னல்களையும் திருடரிடமிருந்தும் நாசகாரரிடமிருந்தும் காக்கும் கலை என்பது அதன் பொருள். நான்கு ஆண்டுப் படிப்பு, முடித்தவுடன் கைநிறையச் சம்பளம் என்பது அதன் விளம்பரம். பள்ளிப்பட்டு வட்டத்தில் விசைத்தறி ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்களும், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்க்கும் குடும்பங்களும் நகையை அடகு வைத்தும் வங்கியில் கல்விக் கடன் பெற்றும் இச்சொல்லை நம்பித் தம் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புகின்றன. "சாமி, இந்தப் பிரிவில் சேர்க்கலாமா?" என்று பங்குத்தந்தையரிடம் வந்து கேட்போரும் உண்டு.

சேர்க்கலாம் என்பதே நம் விடை. ஆயினும் கட்டணத்தைச் செலுத்துமுன் கல்லூரி நிர்வாகத்திடம் கேட்டே ஆகவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. காவல் காக்கக் கற்றவர் என்று நீங்கள் பட்டம் வழங்கும் மாணவனோ மாணவியோ, இந்நான்கு ஆண்டுகளில் எதையேனும் ஒருநாளாவது காவல் காத்திருப்பாரா? 'இல்லை' என்பது விடையானால், அங்கே விற்கப்படுவது காவல் கல்வி அன்று, காகிதக் கல்வியே.

தேவை பொய்யன்று

இத்துறையின் தேவையை எவரும் ஐயுற வேண்டியதில்லை. 2022 நவம்பர் 23 அன்று புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணிப்பொறிகள் தாக்கப்பட்டன. 5 சர்வர்களில் இருந்த ஏறத்தாழ 1.3 டெராபைட் தகவல்கள் எவரும் படிக்க இயலாதவாறு பூட்டப்பட்டன. நாட்டின் தலையாய மருத்துவமனையில் வெளிநோயாளர் சீட்டும் ஆய்வக முடிவும் பல நாள்கள் கையால் எழுதப்பட்டன. தொலைவூர்களிலிருந்து விடியுமுன் வந்து வரிசையில் நின்ற ஏழை நோயாளிகளே அத்தாக்குதலின் சுமையை முதலில் சுமந்தனர்.

அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், நம் மாநிலத்துக் கூடங்குளத்தில் அணுமின் நிலைய நிர்வாக வலைப்பின்னலைச் சார்ந்த கணிப்பொறி ஒன்றில் தீய நிரல் புகுந்திருந்ததை இந்திய அணுமின் கழகம் 2019 அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் அமைப்புகள் தனித்திருந்ததால் அவற்றுக்குத் தீங்கு நேரவில்லை என்று அது விளக்கியது. ஆறுதலான செய்திதான். ஆனால் அந்தத் தனிச்சுவர் தானாக எழுந்ததன்று. எவரோ ஒருவர் முன்கூட்டியே சிந்தித்து எழுப்பியது என்பதை நாம் மறக்கலாகாது.

நம் மாவட்டத்தையே எண்ணிப் பாருங்கள். எண்ணூர் காமராசர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம், வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூர் அனல்மின் நிலையம், கும்மிடிப்பூண்டியின் ஆலைகள் யாவும் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளவை. இன்று துறைமுகமும் மின்நிலையமும் பேராலையும் கணிப்பொறியின் துணையின்றி இயங்குவதில்லை. 2015 டிசம்பரில் உக்ரைன் நாட்டு மின்வழங்கல் நிறுவனங்களின் கணிப்பொறிகளுக்குள் புகுந்தவர்கள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகளைக் கடுங்குளிரில் இருளில் ஆழ்த்தினர். 2017 சூன் மாதம் உலகெங்கும் பரவிய 'நாட்பெட்யா' என்னும் தீய நிரல், மும்பைக்கு அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தின் சரக்குப் பெட்டக முனையம் ஒன்றை முடக்கிப்போட்டது. அங்கு நேர்ந்தது இங்கு நேராது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

பெரிய ஆலைகளை விடுங்கள். சிறுவாட்டுப் பணத்தைக் கைப்பேசியில் வைத்திருக்கும் எளியவரும் தப்புவதில்லை. 2024ஆம் ஆண்டில் மட்டும் இணையவழி மோசடிகளில் இந்திய மக்கள் இழந்த தொகை 22,845 கோடி ரூபாய் என்று நடுவண் அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. முந்தைய ஆண்டின் இழப்பு 7,465 கோடி. ஓராண்டில் மும்மடங்கு!

நீச்சலை நூலில் கற்கலாமா?

ஆள் வேண்டும் என்பதை அரசு அறியாமல் இல்லை. 2013இல் வெளியான தேசிய இணையப் பாதுகாப்புக் கொள்கை, 5 ஆண்டுகளில் 5 லட்சம் வல்லுநரை உருவாக்குவதை இலக்காக அறிவித்தது. எண்ணிக்கையை இலக்காக்கும்போது ஒரு பெருந்தீங்கு நுழைகிறது. தலைகளை எண்ணுவது எளிது, திறனை அளப்பது கடிது. எனவே கல்லூரிகள் தலைகளை எண்ணுகின்றன. பழைய கணிப்பொறிப் பிரிவின் பெயர்ப்பலகையில் அடைப்புக்குறி ஒன்றைச் சேர்த்து, இரண்டொரு பாடங்களை மாற்றி, இருக்கைகளைப் பெருக்கிக்கொள்ளும் நிர்வாகங்களுக்கு, பட்டம் பெற்றவர் பின்னாளில் என்ன ஆனார் என்ற கவலை எங்கிருந்து வரும்?

'தீச்சுவர் என்றால் என்ன? அதன் வகைகளை விளக்குக' என்று வினா வருகிறது. மாணவர் பாடக்குறிப்பை மனப்பாடம் செய்து பதின்மூன்று மதிப்பெண் பெறுகிறார். அவரிடம் ஒரு கணிப்பொறியைக் கொடுத்து, "இதற்குள் நேற்றிரவு எவரோ புகுந்திருக்கிறார், யார் என்று கண்டுபிடி" என்றால் கைபிசைந்து நிற்கிறார். குற்றம் அவருடையது அன்று. கரையில் அமர்த்தி நீச்சலைப் பற்றி நான்கு ஆண்டு சொற்பொழிவாற்றிவிட்டு, பின்பு ஆற்றில் தள்ளுவது எந்த அறத்தில் சேரும்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை நம் பாட்டிமார் அறிந்திருந்தனர். நம் கல்வியாளர் சிலர் இன்னும் அறியவில்லை.

களம் என்றால் என்ன?

மாற்று வழி இல்லாமலில்லை. அமெரிக்க நாட்டில் டெக்சாஸ் மாநிலத்துச் சான் அந்தோனியோ பல்கலைக்கழகத்தாரின் முயற்சியால் 2005 முதல் கல்லூரிகளுக்கிடையே இணையக் காப்புப் போட்டி ஒன்று நடந்து வருகிறது. அதன் அமைப்பு நம் சிந்தனைக்குரியது. எட்டுப் பேர் வரை கொண்ட மாணவர் அணியிடம் சிறு நிறுவனம் ஒன்றின் கணிப்பொறிகள் முழுவதும் ஒப்படைக்கப்படும். அவற்றில் ஓட்டைகள் ஏராளம் இருக்கும். எங்கே என்று எவரும் சொல்லமாட்டார். மறுபுறத்தில் தொழிலில் கைதேர்ந்த வல்லுநர் குழு இடைவிடாது தாக்கும். மாணவர் அவற்றைத் தடுக்கவேண்டும். தடுத்தால் மட்டும் போதாது. நிறுவனத்தின் மின்னஞ்சலும் இணையதளமும் நிற்காமல் இயங்கவேண்டும். அத்துடன் 'மேலாளர்' அவ்வப்போது இடும் அலுவலகப் பணிகளையும் முடிக்கவேண்டும். திருடன் உள்ளே வந்துவிட்டால், எவ்வழி வந்தான், எதை எடுத்தான், என்ன செய்தோம் என்று நேர்மையாக அறிக்கை எழுதவேண்டும்.

பதற்றத்தில் நிதானம், தோழர்மீது நம்பிக்கை, தவறை மறைக்காத நேர்மை ஆகிய மூன்றையும் எந்தப் பாடநூலும் ஊட்டாது. களமே ஊட்டும்.

நம் நாட்டிலும் முன்மாதிரி உண்டு. கோவை எட்டிமடையைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்தா பல்கலைக்கழகம் 2010 முதல் 'இன்சிடிஎஃப்' என்ற மாணவர் போட்டியை நடத்தி வந்திருக்கிறது. அதன் கேரள வளாகமான அமிர்தபுரியின் மாணவர் அணி 'பயோஸ்' என்ற பெயரில் உலகப் போட்டிகளில் நாட்டுக்குப் பெயர் ஈட்டியுள்ளது. மேனிலை மாணவர் கீழ்நிலை மாணவருக்குக் கற்பிக்கும் வழக்கமே அவ்வணியின் உயிர்நாடி. கான்பூர் ஐ.ஐ.டி.யும், நியூயார்க் பல்கலைக்கழகம் தொடங்கிய போட்டியின் இந்தியச் சுற்றை நடத்தியுள்ளது. பிற சமயத்தார் நடத்தும் நிறுவனம் நன்று செய்யும்போது அதை வாயாரப் பாராட்டுவதும், பணிவோடு பின்பற்றுவதும் நமக்கு இழுக்காகாது.

மூன்று மறுப்புகள்

"தாக்குதலைக் கற்பிப்பது களவைக் கற்பிப்பதாகாதா?" என்று நல்லெண்ணமுள்ள பெரியோர் வினவுகின்றனர். நஞ்சின் இயல்பை அறியாத மருத்துவர் நஞ்சுண்டவரை எவ்வாறு காப்பார்? பூட்டின் பலவீனம் அறியாதவர் நல்ல பூட்டு எப்படிச் செய்வார்? களவுக்கும் கல்விக்கும் இடையே உள்ள கோடு தெளிவானது. அது உரிமையாளரின் இசைவு. இசைவின்றிப் பிறர் கணிப்பொறியில் வஞ்சக எண்ணத்தோடு நுழைவோருக்கு, 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆம் பிரிவு மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. போட்டிக் களமோ வெளியுலகோடு தொடர்பற்ற வேலிக்குள் அமைவது. அறநெறிப் பாடம் வகுப்பறையில் சொல்லாக நிற்கிறது. "இந்த வேலியைத் தாண்டாதே" என்று களத்தில் பழகும்போது அது குணமாகிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தாய்லாந்தில் கணிப்பொறி வேலை என்று ஆசைகாட்டி, மியான்மரின் மியாவடிப் பகுதிக்குக் கடத்தி, இணையவழி மோசடி செய்யுமாறு நம் இளைஞர் வதைக்கப்பட்டனர். அவர்களுள் தமிழ்நாட்டைச் சேர்ந்த 13 பேர் மீட்கப்பட்டு 2022 அக்டோபரில் சென்னை வந்து சேர்ந்தனர். நம் பிள்ளைகளின் கணிப்பொறி அறிவை விலைக்கு வாங்கத் திருடர் தயாராக இருக்கின்றனர். நேர்மையான களத்தை நாம் அமைக்கத் தவறினால், அவர்கள் தம் களத்துக்கு அழைத்துச் செல்வர்.

"போட்டி வெறும் விளையாட்டு" என்பது இரண்டாம் மறுப்பு. இதில் உண்மை ஒரு பகுதி உண்டு. 'கொடியைக் கைப்பற்றுதல்' எனப்படும் புதிர்ப் போட்டிகளில், வேண்டுமென்றே பழுதாக எழுதப்பட்ட நிரலுக்குள் ஒளித்து வைத்த சொல்லைக் கண்டெடுப்பவர் வெல்கிறார். மூளைக்கு நல்ல பயிற்சிதான். ஆயினும் உடைப்பவரே வீரர் என்ற எண்ணத்தை அது விதைக்கக்கூடும். வீட்டை உடைப்பவனுக்கு ஒரு ஓட்டை போதும், காப்பவருக்கோ எல்லா ஓட்டைகளும் தெரியவேண்டும். காப்பதே கடினம், காப்பதே பணி. எனவே புதிர்ப் போட்டியைத் தொடக்கப் படியாக வைத்து, காப்புப் போட்டியை ஒவ்வொரு கல்லூரியிலும் பாடத்தின் பகுதியாகவே ஆக்கவேண்டும் என்கிறோம். ஆண்டு விழாவுக்கு ஒருநாள் அலங்காரமாக நடத்திப் படம் எடுத்துக்கொள்வது போதாது.

"செலவுக்கு எங்கே போவது?" என்பது மூன்றாவது. கழித்துப் போட்ட பத்துப் பதினைந்து கணிப்பொறிகள், விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் போன்ற மென்பொருள்கள், இணையத்தோடு இணைக்கப்படாத ஓர் அறை, சனி ஞாயிறு வந்து உடனிருக்கும் ஆசிரியர் ஒருவர் ஆகியவை போதும், முதற்களம் அமைந்துவிடும். நுழைவாயிலுக்கு வளைவு கட்டும் செலவில் பல களங்கள் அமைக்கலாம். குறைவது பணமன்று, மனமே.

பள்ளிப்பட்டுக்கு எட்டும் களம்

களம் அமைந்தாலும் யாருக்கு? இதுவே நம் வழக்கின் நெஞ்சம். சொந்த மடிக்கணினியும் விரைவான இணைய இணைப்பும் ஆங்கிலப் பழக்கமும் உள்ள நகரத்துப் பிள்ளை எங்கிருந்தும் தானே கற்றுக்கொள்ளும். ஆந்திர எல்லையோரத்துப் பள்ளிப்பட்டின் அரசுப் பள்ளியில் தமிழில் படித்து, முதல் தலைமுறையாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் பிள்ளைக்குக் கல்லூரிதான் ஒரே களம். அங்கும் காகிதமே கிடைக்குமானால் அப்பிள்ளைக்கு வேறு போக்கிடம் இல்லை. பணக்காரரின் பிள்ளைக்கு வெறும் நேர இழப்பாவது, ஏழையின் பிள்ளைக்கு வாழ்நாள் கடனாகிறது. இதை அநீதி என்றுதான் அழைக்கவேண்டும்.

ஆகவே, களம் கல்லூரிச் சுவருக்குள்ளேயும் அடங்கிவிடக் கூடாது. நாட்டு நலப்பணித் திட்டத்தில் மாணவர் சிற்றூர்களுக்குச் சென்று தொண்டு செய்வது 1969 முதல் நாம் அறிந்ததே. அதே முறையில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், ஊராட்சி அலுவலகம், சிறு மருத்துவமனை, சிறு ஆலை ஆகியவற்றின் எழுத்துவழி இசைவைப் பெற்று, ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர் அவற்றுக்குக் காவல் துணை நிற்கலாம். கடவுச்சொற்களைச் சீராக்குதல், மென்பொருளைப் புதுப்பித்தல், தகவல்களுக்கு நகல் எடுத்துத் தனியே வைத்தல், ஏமாற்றப்பட்டவுடன் 1930 என்ற எண்ணுக்கு அழைக்கக் கற்பித்தல் ஆகியவை சிறு பணிகளே. எய்ம்ஸில் கையால் சீட்டு எழுதிய நாள்களை நினைத்துப் பார்த்தால் அவற்றின் மதிப்பு விளங்கும். பெர்க்கிலியிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் 2018 முதல் தொண்டு நிறுவனங்களுக்கு மாணவரைக்கொண்டு இத்தகைய உதவி செய்து வருகிறது. அங்கு இயல்வது இங்கு ஏன் இயலாது?

இவ்விடத்தில் நம் மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் நடத்தும் கல்லூரிகளுக்கு ஒரு வார்த்தை. எழுத்தறிவு எட்டாத மக்களுக்குப் பள்ளிகளைத் திறந்தவர்கள் நம் முன்னோர். அப்பெருமையை நூற்றாண்டு மலர்களில் அச்சிடுவதோடு நில்லாது, இன்று எட்டாமல் இருப்பது எது என்று கேட்பதே அவர்களுக்குச் செலுத்தும் மரியாதை. அருகிலுள்ள அரசுக் கல்லூரி மாணவரையும், சமய வேறுபாடின்றி, உங்கள் களத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டணம் வாங்காதீர்கள்.

பெற்றோரே, அடுத்த ஆண்டு கல்லூரியைத் தேடும்போது கட்டடத்தின் உயரத்தைப் பார்க்காதீர்கள். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தாக்கவும் காக்கவும் பழகுவதற்குத் தனி ஆய்வகம் உண்டா? சென்ற ஆண்டு உங்கள் மாணவர் எந்தக் காப்புப் போட்டியில் கலந்துகொண்டனர், அதில் தோற்று எதைக் கற்றனர்? கற்பிக்கும் ஆசிரியர் தாமே எப்போதேனும் ஒரு வலைப்பின்னலைக் காத்தவரா? விடை கிடைக்காவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பத்துப் பெற்றோர் அவ்வாறு எழுந்து வந்தால் பதினோராவது பெற்றோர் வருமுன் அங்கே ஆய்வகம் ஒன்று திறக்கப்படும்.