நட்சத்திரத்தின் மேல் பழி போடலாகாது

பேரிடரைக் குறிக்கும் ‘டிசாஸ்டர்’ என்னும் ஆங்கிலச் சொல்லைப் பிரித்தால், கேட்டையும் மறுப்பையும் உணர்த்தும் ‘டிஸ்’ என்ற முன்னொட்டும், நட்சத்திரத்தைக் குறிக்கும் ‘ஆஸ்ட்ரோ’ என்ற இத்தாலியப் பதமும் அதனுள் இருப்பதைக் காணலாம். 16ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்தில் புகுந்தபோது, கிரக நிலை கெட்டதால் மனிதருக்கு விளைந்த துன்பம் என்பதே அதன் தாத்பரியம். இலங்கை அரசாங்கத்தின் தமிழ் வழக்கில் இன்றும் நிலவும் ‘அனர்த்தம்’ என்ற சொல்லும் எதிர்மறை முன்னொட்டுப் பெற்றதே. ஆயினும் அது வானத்தைக் குற்றஞ்சாட்டுவதில்லை. பேரிடரைக் குறிக்கும் மலாய்மொழியின் ‘பெஞ்சானா’வோ நமது ‘வஞ்சனை’யோடு ஒரே வடமொழி வேரில் கிளைத்தது.

2021 டிசம்பர் 18 அன்று, விடாது பெய்த மழையில் கிள்ளான் ஆறு பெருகி, ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா குடியிருப்பு மூழ்கியபோது, மேல்மாடியிலும் கூரையிலும் ஒண்டியிருந்து படகுக்காகக் காத்திருந்த ஜனங்களும், நீர் வடிந்தபின் சேறு அப்பிய மெத்தைகளும் குளிர்பதனப் பெட்டிகளும் வீதியோரம் மலையாய்க் குவிந்த காட்சியும் இன்னும் நம் நெஞ்சை அறுக்கின்றன. ஆற்றங்கரையின் தாழ்ந்த நிலத்தில் வீடுகளை எழுப்ப அனுமதித்துவிட்டு, ஆறு உயர்ந்தால் வடிகால் நீர் தானாக வெளியேறாது என்பது தெரிந்திருந்தும், வந்த வெள்ளத்தை விதியின் கணக்கில் எழுதுவோமானால், அதற்கு வஞ்சனை என்பதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

நம் முன்னோர் காலத்துக் கோலாலம்பூர் இப்படி வாளாவிருக்கவில்லை. 1881இல் தீயும் வெள்ளமும் ஒரே வருஷத்தில் நகரத்தை நாசமாக்கியபின், ஓலைக்கும் பலகைக்கும் பதிலாகச் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டும்படி சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஸ்வெட்டன்ஹாம் விதித்தார். அச்செங்கற்களுக்காகச் சூளைகள் எழுந்த இடந்தான், இன்று நாம் பூவும் புடவையும் வாங்கச் செல்லும் பிரிக்பீல்ட்ஸ். 1971 ஜனவரி வெள்ளத்துக்குப் பின் தலைநகரின் வெள்ளத் தடுப்புப் பணிகள் முனைப்படைந்தன; 2007இல் வெள்ளநீரைத் திருப்பிவிடும் 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ‘ஸ்மார்ட்’ சுரங்கம் திறக்கப்பட்டது. ஆனால் அது காப்பது நகரின் நடுப்பகுதியை. ஆற்றின் கீழ்ப்போக்கில் வாழும் எளிய குடும்பங்களுக்கு மதகும் பம்புமே கதி.

ஆகவே, பருவமழைக்கு முன்பே, பம்புகள் கடைசியாக எப்போது பழுது பார்க்கப்பட்டன, மதகைத் திறந்து மூடும் பொறுப்பு யாருடையது, நீர் எந்த மட்டத்தை எட்டினால் அபாயச் சங்கு ஒலிக்கும் என்பவற்றை மலாயிலும் தமிழிலும் எழுதி, ஒவ்வொரு தாமானின் பொது மண்டபச் சுவரிலும் ஒட்டுமாறு குடியிருப்பாளர் சங்கங்கள் அதிகாரிகளை வற்புறுத்திக் கேட்க வேண்டும்.