கட்டில் கேட்ட நண்பர்

"கொடுத்த பணத்துக்கு ஒரு கட்டில்கூடக் கிடையாதா?" என்று என் நண்பர் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். கார்வால் மலைக்குப் போய், ஐந்தாறு கூடாரத்துக்கு மட்டுமே இடமுள்ள ஒரு காட்டுத் திட்டில், புல்வெளியைப் பார்த்தாற்போல் இரண்டு இரவு தங்கிவிட்டு வந்திருக்கிறார். தண்ணீருக்கு ஓடைவரை நடக்க வேண்டும், வெளிச்சத்துக்குக் கைவிளக்கு, கழிப்பிடம் என்று காட்டியது ஒரு குழி, அதைச் சுற்றி ஒரு துணி. அத்தனையையும் ஒப்பித்துவிட்டு, "சர்க்கார் அந்தப் புல்வெளியிலேயே நாலு அறை கட்டிப் போட்டால் என்ன?" என்று முடித்தார்.

கட்டித்தான் வைத்திருந்தார்கள், ஐயா. அதைத்தான் பிறகு எடுக்கச் சொன்னார்கள்.

அந்தப் புல்வெளிகளுக்கு அங்கே புக்யால் என்று பெயர். சுமார் 11,000 அடி உயரத்தில் மரங்கள் நின்றுபோகின்றன. அதற்கு மேலே பனிமலை தொடங்கும்வரை புல்தான். சமோலி ஜில்லாவில் உள்ள ஆலியும் பேத்னியும் இவற்றில் பேர்போனவை. வருஷத்தில் பல மாதம் பனிக்கடியில் கிடக்கிற புல், மிச்சமுள்ள கொஞ்ச நாளில் முளைத்துப் பூத்து விதையும் விட்டாக வேண்டும். சரியாக அந்த நாள் பார்த்துத்தான் நாம் மூட்டை முடிச்சோடு போய் அதன்மேல் படுக்கிறோம். 2018 ஆகஸ்டில் உத்தராகண்ட் ஹைக்கோர்ட்டு தலையிட்டது. ஃபைபர் குடில்கள் உள்பட நிரந்தரக் கட்டடங்கள் மூன்று மாதத்துக்குள் போக வேண்டும், வருகிறவர்கள் 200 பேருக்கு மேற்படக் கூடாது, புல்வெளியில் இரவு தங்கவே கூடாது என்று உத்தரவாயிற்று.

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. அந்த உத்தரவுக்குச் சில வருஷம் முன்னால் பேத்னியில் நானும் படுத்திருக்கிறேன். திரிசூல சிகரம் சாயங்கால வெயிலில் சிவந்து நின்றதைப் பார்த்துக் கவிதைகூட யோசித்தேன். (நல்ல வேளை, மழை வந்து தடுத்தது.) மழை வந்ததும், பள்ளிக்கூட நாளில் சாரணர் படையில் கற்ற வித்தையைக் காட்டி, கூடாரத்தைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டினேன். பெருமையாகத்தான் இருந்தது. காலையில் எங்கள் கழுதைக்காரர் வந்தார். வெட்டிப் போட்டிருந்த புல்கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, வேர் கீழே இருக்கும்படி வாய்க்காலில் பொருத்தி, காலால் மிதித்து அமுக்கினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. அந்தச் சரிவில் மண்ணைப் பிடித்திருப்பதே வேர்தான். அறுத்த கோட்டில் அடுத்த மழை இறங்கும், பின்னால் அதுவே ஓடையாகும்.

ஒரு சாண் வாய்க்காலுக்கே இந்தக் கதி என்றால், நண்பர் கேட்கிற கட்டிலுக்கு என்ன ஆகும்? கட்டில் என்றால் அதைச் சுமக்கக் கோவேறு கழுதை. கழுதைக்கு மேய்ச்சல், அந்தப் புல்லேதான். வெந்நீர் என்றால் விறகு. விளக்கு என்றால் எஞ்சின். எஞ்சின் என்றால் டீசல், அது சிந்துகிற மண். சௌகரியம் ஒற்றையாக மலையேறி நான் பார்த்ததில்லை. அது எங்கே போய் முடியும் என்பதற்கு 2019 ஜூனில் அதே ஜில்லாவின் ஔலியில் நடந்த ஆடம்பரக் கல்யாணமே சாட்சி. ஹெலிகாப்டர் இறங்கக் கூடாது என்று கோர்ட்டு தடுக்க வேண்டியிருந்தது. மூன்று கோடி ரூபாய் கட்டச் சொல்ல வேண்டியிருந்தது. பந்தல் பிரித்த பிறகு டன் கணக்கில் குப்பை வாரினார்கள்.

கோர்ட்டின் மேலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. குடில் கட்டி வாடகை வாங்கினவனையும், முதுகில் கூடாரத்தைச் சுமந்து போய் ஒரு ராத்திரி படுத்து எழுந்தவனையும் ஒரே கோலால் அடித்துவிட்டார்கள். வாடகை வாங்கினவன் வேறு மலையில் கடை விரித்துக்கொள்வான். பேத்னிக்கு ஏறும் வழியில் வாண் என்றொரு கிராமம். அங்கே கழுதை ஓட்டியும் மூட்டை சுமந்தும் பிழைத்தவர்களுக்குப் போவதற்கு வேறு மலை இல்லை. அவர்கள் பிழைப்பில் விழுந்த மண், கட்டில் கேட்டவர்கள் போட்டது.

நண்பர் மறுபடியும் போவதானால் குழாய் இல்லாத அதே திட்டுக்கே போகட்டும். தரையில் படுக்கட்டும். குப்பையைத் தம் பையிலேயே கீழே கொண்டுவரட்டும். புறப்படுமுன் அந்தக் குழியையும் மண் போட்டு மூடிவிட்டு வரட்டும்.