அரை நிமிடத்தில் ஒரு காலேஜ் சீட்

அமெரிக்காவில் மியூசிக்கல் தியேட்டர் படிக்க மார்க் மட்டும் போதாது. பாட வேண்டும், ஆட வேண்டும், ஒரு மோனோலாக் நடிக்க வேண்டும். மிச்சிகன், கார்னகி மெலன் மாதிரி இடங்களில் முதலில் வீடியோ அனுப்பி, அது தேறினால்தான் அடுத்த கட்ட ஆடிஷன். பாட்டுக்குப் பெரும்பாலும் 16 அல்லது 32 பார்தான். பார் என்றால் நம் ஆவர்த்தனம் மாதிரி ஒரு தாளச் சுற்று என்று வைத்துக்கொள்ளுங்களேன். வேகமான பாட்டில் 16 பார் அரை நிமிடத்தில் முடிந்துவிடும்!

அந்த அரை நிமிடத்துக்கு எந்தப் பாட்டு? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். தொண்டை எவ்வளவு உயரம் போகும் என்று காட்டியே தீர வேண்டும் என்ற வெறி. 'ஜிப்ஸி' (1959) நாடகத்தின் கடைசியில் ரோஸ் பாடும் பாட்டை 17 வயதுப் பெண் எடுத்தால் என்ன ஆகும்? ரோஸ் வளர்ந்த பெண்களின் அம்மா. ஆளாக்கிய மகள்களே ஒதுக்கிவிட்டார்களே என்ற வயிற்றெரிச்சல்தான் அந்தப் பாட்டு. சுருதி சுத்தமாகவே இருக்கட்டும், அந்தக் கசப்புக்கு எங்கே போவாள்?

தேர்வு செய்பவர்களுக்கு ரெடிமேட் நட்சத்திரம் எதற்கு? நாலு வருஷம் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள் அவர்கள். தன் வயசுப் பாத்திரம், தனக்கு எட்டும் சுருதி, யாரிடமோ எதையோ கேட்கிற ஒரு பாட்டு... இது போதும். கோச்சுக்குக் கொட்டும் பணத்தில் பாதி மிச்சம் (அப்பாக்கள் கவனிக்க).

இன்னொன்று. பியானோ வாசிப்பவர் அந்தத் தாளை அன்றுதான் முதன்முதலில் பார்ப்பார். எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும், என்ன வேகம் என்று பென்சிலால் தெளிவாகக் குறித்துக் கொடுத்துவிடுங்கள்.