எல் நினோ மீது சுமத்தும் பழி

பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் சூடேறுகின்றன என்ற செய்தி வந்தாலே போதும், 'இது எல் நினோ வருஷம், மழை பொய்த்துவிடும்' என்ற பேச்சு தமிழ்நாடு முழுக்கப் பரவிவிடுகிறது. தொலைக்காட்சி விவாதங்களிலும் உரக்கடைத் திண்ணைகளிலும் இதே பேச்சுதான். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு இந்த நம்பிக்கை பொருந்தாது என்பது மட்டுமல்ல, பல ஆண்டுகளில் நடந்தது அதற்கு நேர் எதிர். அண்மைக் கால வரலாற்றின் மிக வலுவான எல் நினோக்களில் ஒன்று 2015இல் வந்தது. அவ்வாண்டு இங்கே வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 53 சதவீதம் அதிகமாகப் பெய்தது. டிசம்பர் தொடக்கத்தில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. கொட்டியதையும் அடையாற்றின் கரைகள் மூழ்கியதையும் யாரும் மறந்திருக்க முடியாது. மறு ஆண்டு எல் நினோ ஓய்ந்து, எதிர்நிலையான லா நினா மெல்லத் தலைகாட்டியது. நம்பிக்கையின்படி அது நல்ல மழை ஆண்டாக இருந்திருக்க வேண்டும். சுமார் 44 செ.மீ. பெய்ய வேண்டிய அந்தப் பருவத்தில் கிடைத்ததோ 17 செ.மீ. மட்டும். 2023இல் மீண்டும் எல் நினோ. டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. இரண்டே வாரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது.

இவற்றைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. காற்றோட்டத்தில் இதற்குக் காரணம் இருக்கிறது. வழக்கமாக இந்தோனேசியாவை ஒட்டிய வெதுவெதுப்பான கடலின் மேல் காற்று உயரே எழுந்து, மழையைக் கொட்டிவிட்டு, பசிபிக்கின் கிழக்கே போய் இறங்கும். இந்த மாபெரும் சுழற்சிக்கு வாக்கர் சுழற்சி என்று பெயர். எல் நினோவின்போது எழும் பகுதி பசிபிக்கின் நடுவே நகர்ந்துவிடும். இந்தோனேசியாவின் மேலும், தென்மேற்குப் பருவத்தில் இந்தியாவின் மேலும் காற்று கீழ்நோக்கி அமுங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை தளர்வது இதனால்தான். அக்டோபர் பிறந்ததும் மழைப்பட்டை தெற்கே இறங்கிவிடுகிறது. அதே எல் நினோ அப்போது நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்தியப் பெருங்கடலில் கீழைக்காற்றுக்கு வலுச் சேர்க்கிறது. ஈரம் தென்னிந்தியாவின் கிழக்குக் கரைக்கும் இலங்கைக்கும் வந்து குவிகிறது. இலங்கையிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழை எல் நினோ ஆண்டுகளில் கூடும் போக்கு ஆய்வாளர்களுக்குத் தெரிந்ததே. கடலின் சூடு ஒன்றுதான்; பருவம் மாறியதும் அதன் விளைவு தலைகீழாகிறது. ஆண்டு முழுவதற்கும் ஒரே முத்திரை குத்துவதில் உள்ள அடிப்படைப் பிழை இது.

பருவத்துக்குள்ளும் மாதத்துக்கு மாதம் கதை மாறுகிறது. 2023இல் நாடு முழுமைக்குமான மழை ஜூலையில் இயல்பைவிட 13 சதவீதம் அதிகம். இமாச்சலத்தில் சாலைகளும் பாலங்களும் அடித்துச் செல்லப்பட்டன. ஆகஸ்ட் மாதமோ 1901இலிருந்து பதிவான ஆகஸ்டுகளிலேயே மிக வறண்டது. 36 சதவீதம் குறைவு. செப்டம்பரில் மழை மீண்டும் இயல்பைத் தாண்டியது. எல் நினோ இந்த மூன்று மாதமும் இருந்தது. அது மட்டுமே காரணம் என்றால் ஜூலையும் ஆகஸ்டும் எப்படி இவ்வளவு வேறுபட்டன? நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கு நோக்கி நகரும் மேகத் திரள் ஒன்று உண்டு. அதை 1971இல் மேடன், ஜூலியன் என்னும் இருவர் அடையாளம் கண்டனர். முப்பது முதல் அறுபது நாளுக்கு ஒரு முறை அது உலகைச் சுற்றுகிறது. அது நம் கடற்பகுதிக்கு வந்தால் மழை சூடுபிடிக்கும். விலகினால் வாரக்கணக்கில் வானம் வெளிறும். எல் நினோ அந்தத் தாளத்தைத் தளர்த்தலாம், நீட்டலாம், நிறுத்துவதில்லை. உழவருக்கு வேண்டியது அந்த மாதத்தின் மழை, பருவத்தின் சராசரி அல்ல. 2002இல் ஜூலையில் மட்டும் நாட்டின் மழை ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியது. பருவத்தின் 19 சதவீதப் பற்றாக்குறையில் பெரும்பங்கு அந்த ஒரு மாதத்தின் இழப்புதான்.

1877, 1972, 1987, 2002, 2009 எனப் பெரும் வறட்சிகள் எல்லாம் எல் நினோ ஆண்டுகள்தாமே என்று கேட்பார்கள். உண்மைதான், அந்தத் தொடர்பை யாரும் மறுக்கவில்லை. 1997இல் வந்ததும் இருபதாம் நூற்றாண்டின் மிக வலுவான எல் நினோக்களில் ஒன்றுதான். ஆனால் அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழை இயல்பைவிடச் சற்றே அதிகமாகப் பெய்தது. மறுபுறம், 1979இல் எல் நினோ இல்லை. மழை 19 சதவீதம் குறைந்தது. 1974 லா நினா ஆண்டு, அப்போதும் பற்றாக்குறை. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி சூடேறிக் கிழக்குப் பகுதி குளிரும் இருமுனை நிலை 1997இல் வலுவாக இருந்தது. அது எல் நினோவின் தீங்கைத் தடுத்தது என்பது பல ஆய்வாளர்களின் விளக்கம். ஆக, எல் நினோ வறட்சிக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது, அவ்வளவே. வாய்ப்பைத் தீர்ப்பாக்கிப் பேசுவதைத்தான் நான் கண்டிக்கிறேன். 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைமையேற்ற கில்பர்ட் வாக்கரே, நாடு முழுவதற்கும் ஒரே கணிப்புச் சொல்வது சரிவராது என்று கண்டு, தீபகற்பத்தையும் வடமேற்கையும் வடகிழக்கையும் தனித்தனியே ஆராய்ந்தார். நூறாண்டு கழித்தும் நம் பொதுப்பேச்சு அந்தப் பாடத்தை ஏற்கவில்லை.

இன்னொரு கேள்வி இதைவிடக் கனமானது. டெல்டா விவசாயி கேட்பது. காவிரி நீர் கர்நாடகத்தின் தென்மேற்குப் பருவமழையை நம்பியது. அது குறைந்தால் மேட்டூர் வற்றும், குறுவை காயும். 2023இல் அதுவே நடந்தது. ஜூன் 12இல் அணை திறக்கப்பட்டும், கர்நாடகத்தில் மழை பொய்த்ததால் அக்டோபரில் மேட்டூரை மூட வேண்டியதாயிற்று. குறுவைப் பயிர்கள் கருகின. அந்த விவசாயிக்கு எல் நினோ அச்சம் முற்றிலும் நியாயமானது. ஆனால் அவருடைய ஆபத்து குடகு மலையில், ஜூன் முதல் செப்டம்பர் வரை. சென்னையிலும் தூத்துக்குடியிலும் இருப்பவரின் ஆபத்து வங்கக் கடலில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அது வெள்ள ஆபத்து. இரண்டையும் 'மழை பொய்க்கும்' என்ற ஒரே சொல்லில் அடைத்தால் டெல்டாவுக்குச் சொன்னது கடற்கரைக்கும் போய்ச் சேருகிறது. வறட்சி வருமென்று நம்பும் ஊரில் மழைநீர் வடிகாலைத் தூர்வாரும் அவசரம் யாருக்கும் இருக்காது. ஏரி நிரம்பும்போது எப்போது, எவ்வளவு திறப்பது என்ற திட்டமும் பின்னுக்குத் தள்ளப்படும். ஒரு தவறான நம்பிக்கை உயிரைக் காவு வாங்குவது இப்படித்தான்.

சாமானியருக்கு எளிதாகத்தானே சொல்ல வேண்டும் என்பது கடைசி வாதம். எளிமையாகச் சொல்ல இங்கே வழி இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதத்துக்கான மழை வாய்ப்பை வெளியிடுகிறது. வியாழன்தோறும் அடுத்த நான்கு வாரங்களுக்கான கணிப்பும் வருகிறது. கோடையில் எல் நினோ அறிவிப்பு வெளியாகும்போதே காவிரி நீர்ப்பிடிப்புக்கு ஒன்று, கடலோர மாவட்டங்களுக்கு ஒன்று என இரண்டு வாக்கியங்களாக அதைப் பிரித்துத் தமிழில் தர வேண்டும். செப்டம்பர் முடிவில் கடலோரத்துக்கான வாக்கியத்தைப் புதுப்பித்து ஒவ்வொரு ஊராட்சிக்கும் அனுப்ப வேண்டும்.