நூற்றிநாற்பதாம் நம்பர் வைத்தியம்

“பழைய காருக்குத் தடிச்ச ஒயில்” என்னும் வாசகம் பரந்தன் முதல் முரசுமோட்டை வரையுள்ள கராஜ்களில் வேதவாக்கியம்போல் ஓதப்படுவதை நெடுங்காலமாகச் சகித்து வந்த நான், அண்மையில் ஒரு கலியாணப் பந்தலின்கீழ், மொறிஸ் மைனர் வைத்திருக்கும் இளைஞர் ஒருவருக்கு அனுபவஸ்தர் ஒருவர், “தம்பி, கியர் பொக்ஸ் சத்தம் போட்டால் நூற்றிநாற்பதாம் நம்பர் ஒயில் ஊத்தும், பிறகு பேச்சே இல்லை” என்று உபதேசித்ததையும், சூழ இருந்தோர் பக்திசிரத்தையுடன் தலையசைத்ததையும் கண்டபின், இனியும் மௌனம் சாதிப்பது தர்மமன்று எனத் துணிந்தேன்.

சத்தம் அடங்குகிறது என்பது மெய்யே. தேய்ந்த பெயரிங்கின் ஓலம் கூழ்போன்ற எண்ணெயில் அமிழ்ந்துபோவதைச் சுகம் என்று கொள்வோர், இருமுகிற பிள்ளையின் வாயைப் பொத்திவிட்டு நோய் தீர்ந்ததென்று கூறவும் தயங்கார். பழைய கார் விற்போருக்கு இவ்வைத்தியத்தில் இருக்கும் பிரியத்தின் காரணம், வாங்கி ஏமாந்தவர்களுக்குத் தெரியும்.

வன்னி வெயிலுக்கு மெல்லிய எண்ணெய் தாங்காது என்கிறார்கள். கியர் பொக்ஸிலும் அதிகமாகக் கொதிக்கும் எஞ்சினுக்குள் அதே மெல்லிய எண்ணெய் எங்ஙனம் தாங்குகிறது என்று அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

இனி, முப்பதாம் நம்பர் எண்ணெயிலும் தொண்ணூறாம் நம்பர் மூன்று மடங்கு பலமுள்ளது என்னும் கணிதம். எஞ்சின் எண்ணெய்க்கு ஓர் அளவுகோலும் கியர் எண்ணெய்க்கு வேறொரு அளவுகோலும் உண்டு. 100 பாகை வெப்பத்தில் கியர் எண்ணெயின் 90, எஞ்சின் எண்ணெயின் 40 அல்லது 50க்கு ஏறக்குறைய ஒப்பானதே. கியர் பொக்ஸுக்குக் கியர் ஒயில் என்னும் பெயர்ப் பொருத்தத்தில் மயங்குவோர், மொறிஸ் மைனர் 1000இன் கைந்நூலைப் புரட்டினால் திடுக்கிடுவர்: எஞ்சினுக்கு எதுவோ அதுவே கியர் பொக்ஸுக்கும், 90ஆம் நம்பர் ஹைப்பொயிட் எண்ணெய் பின் அச்சின் டிப்ரன்சலுக்கு. 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரைச் சமைத்த அலெக் இஸிகோனிஸ், 1959இல் மினியை உருவாக்கியபோது கியர்ச் சக்கரங்களை எஞ்சினின் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே இறக்கி, இரண்டுக்கும் ஒரே எண்ணெய் என்று தீர்த்துவிட்டார். பந்தலில் இருந்த அனுபவஸ்தரை அவர் கலந்தாலோசிக்கவில்லை போலும்.

ஆயினும் இக்கொள்கையை வேரோடு பெயர்ப்பது சிங்க்ரோ வளையம் ஒன்றே. இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றும்போது, வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரு உறுப்புக்களைச் சமவேகத்துக்குக் கொண்டுவருவது ஓர் எஃகுக் கூம்பின்மேல் சென்று அமரும் பித்தளை இனத்து வளையம். அது வேலை செய்வது உராய்வினால்; உராய்வதற்கோ இடையிலுள்ள எண்ணெய்ப் படலம் கணநேரத்தில் விலகவேண்டும். அதற்காகவே வளையத்தின் உட்புறத்தில் மயிரிழைபோன்ற வரிகளை வெட்டியிருக்கிறார்கள். தடித்த எண்ணெய் அவ்வரிகளில் பசைபோல் அடைத்துக்கொள்ள, வளையம் பிடிப்பதற்குப் பதிலாக வழுக்குகிறது, பற்கள் மோதுகின்றன. மார்கழிப் பனியில், விடியற்காலை கார் எடுத்து முதல் அரைமைல் ஓடுவதற்குள் இரண்டாம் கியர் விழும்போது எழுகின்ற அந்தக் கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், கிளச் பிளேட்டைக் குறை சொல்வார்கள், ஓட்டுபவனைக் குறை சொல்வார்கள், ஊற்றிய எண்ணெயை மாத்திரம் சொல்லமாட்டார்கள். அந்த எண்ணெயை ஒரு தட்டில் வடித்து வெயிலில் சாய்த்துப் பார்த்தால், தேய்ந்த வளையத்தின் பொன்னிறப் பொடி மினுங்கக் காணலாம். மொறிஸ் மைனரின் கியர் பொக்ஸில் எண்ணெயை ஏற்றிவிடப் பம்பும் இல்லை; அடியிலுள்ள சக்கரங்கள் வாரி இறைப்பதுதான் மேலுள்ள தண்டுக்குச் சேரவேண்டும். இறைக்க மறுக்கும் எண்ணெய் அங்கு என்று போய்ச் சேரும்?

டின்னில் ஜீஎல்-4க்குப் பதில் ஜீஎல்-5 என்று அச்சிட்டிருந்தால் உயர்ந்த ஜாதி என்று எண்ணுவோரும் உளர். ஜீஎல்-5 என்பது டிப்ரன்சலின் பேரழுத்தத்துக்காகக் கந்தகச் சேர்க்கை மிகுத்த எண்ணெய். அச்சேர்க்கை சூட்டில் பித்தளையை அரிக்கவல்லது.

“மசி உழவு இயந்திரத்துக்கு ஊற்றுவதைக் காருக்கு ஊற்றினால் என்ன?” என்பது இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயற்காரரின் வினா. மசி பேர்குசன் 135இன் கியர்ப் பெட்டியிலுள்ள எண்ணெய்தான் கலப்பையைத் தூக்கும் லிப்ற்றையும் இயக்குகிறது. அங்குங்கூட நூற்றிநாற்பது ஊற்றினால் கலப்பை எழும்பப் பஞ்சாங்கம் பார்க்கவேண்டியதுதான்.

கடைசி அஸ்திரமாக, போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது கிடைத்ததை ஊற்றி ஓடினோமே என்பார்கள். ஓடினோம், கார்புரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, மண்ணெண்ணெயிலும் ஓடினோம். அதை இன்று எவரும் சிபாரிசு செய்யக் காணோம்.

கைந்நூல் சொல்வதை ஊற்றி, காலத்துக்குக் காலம் வடித்து மாற்றுவது இவர்களுக்கு அற்பக் காரியம். 2018 மார்கழியில் இரணைமடுவின் கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சி வெள்ளத்தில் மூழ்கியபின், நீர் புகுந்து பால்போல் வெளுத்திருந்த எண்ணெயை வடிக்காமல், குறைந்த அளவுக்கு அதன்மேலேயே நூற்றிநாற்பதை ஊற்றி மூடியை இறுக்கியவர்களையும் நான் அறிவேன்.